எங்க வயித்துக்கு யாரு நாட்டாமை?

இந்த இதழில் கருக்கலைப்பு உரிமை பற்றித் தலையங்கம் என்றதும் ஆசிரியர் குழுவிலேயே இரண்டு தோழர்கள் முகம் சுளித்தார்கள். 'பொம்பளைங்க சமாச்சாரத்தைப் பெண்ணியப் பத்திரிகைக்காரங்க எழுதட்டும், தலித் விடுதலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்றார் ஒருவர். இன்னொருவர், 'நம்ம சனத்தைக் குறைக்கணும்னு ஏற்கனவே அவன் அலையிறான், நாமளும் கலைக்கச் சொல்லி எழுதுறதா?' என்றார். முதல் தோழரின் கேள்வி சோம்பேறித்தனமானது. இரண்டாவது கேள்வியில் விசயம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை எல்லாம் 1985க்கு முன் இராமநாதபுரம் மாவட்டம்தான். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளைப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அது பதினொன்றானது. ஹட்டன் பதிவு செய்திருக்கும் அந்தப் பட்டியலை நம் மேடைகளில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். நம்ம பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். சாதிக் கொடுமை என்று வாசித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள். சேரிப் பெண்ணின் உடம்பின் மேல் போட்ட சட்டம் அது. அவள் வயிற்றில் இன்னும் பிறக்காத பிள்ளை எவன் மாட்டை மேய்க்க வேண்டும் என்பது வரைக்கும் போட்ட சட்டம். அவள் கர்ப்பப்பை மிராசுதாரின் ஆள்படைக்கு நாற்றங்கால்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் அரசு. ஆள் வேண்டுமென்றால் பெறு என்பான், ஆள் மிஞ்சிவிட்டது என்று தோன்றினால் அறு என்பான். 1975 முதல் 1977 வரை அவசரநிலைக் காலத்தில் நடந்த கட்டாயக் கருத்தடை ஏழைகளையும் தலித்துகளையும் முஸ்லிம்களையும் தேடித்தேடிப் பிடித்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் கருத்தடை முகாமில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். தமிழ்நாட்டுக் குடும்பக்கட்டுப்பாட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள், கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேசன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆக, இரண்டாவது தோழரின் சந்தேகம் வெறும் சந்தேகமல்ல, அனுபவம். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து அவர் வந்து சேரும் முடிவு தப்பு.

கல்லல் பக்கம் ஒரு காலனியில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை. புருசன் திருப்பூரில். இரண்டு பிள்ளைகள், மூத்தது நோஞ்சான். மூன்றாவது தங்கியதும் இரண்டாம் மாதமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். 'ஆபரேசன் பண்ணிக்கிறதா இருந்தா கலைக்கிறோம், புருசன் கையெழுத்து வேணும்' என்றார்களாம். காலனி பேரைக் கேட்டதும், 'ஒங்களுக்கெல்லாம் இதே வேலையாப் போச்சு' என்று ஒரு பேச்சும். வெளியில் தனியாரிடம் கேட்டால் அவள் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். தோட்டை அடகு வைக்கப் பார்த்தாள், அது ஏற்கனவே அடகில் இருந்தது. கடைசியில் யாரோ சொல்லி எங்கேயோ மாத்திரை வாங்கிப் போட்டு, ஒன்பது நாள் உதிரம் போய், மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றி உயிர் மீண்டது.

'அக்கா, நான் ஆபரேசன் வேணாம்னா சொன்னேன்? மூத்தவனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? இப்ப வேணாம்னுதானே சொன்னேன். வேணும்கிறதையும் அவளுகளே சொல்லுவாளுக, வேணாம்கிறதையும் அவளுகளே சொல்லுவாளுகளா?'

இந்தக் கேள்விக்கு மேல் ஒரு கோட்பாடும் எனக்குத் தெரியவில்லை. பெறுவதும் பெறாததும் அவள் முடிவு. கலைக்கக் கூடாது என்பவனும் அறுத்தால்தான் கலைப்பேன் என்பவனும் ஒரே ஆள்தான். 1994இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இதைத்தான் சொன்னார்கள். வெள்ளைப் பெண்ணியர்கள் கலைக்கும் உரிமையை மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது, கட்டாயக் கருத்தடையைப் பட்ட சனம் அவர்கள். பிள்ளை பெறும் உரிமை, பெறாத உரிமை, பெற்றதைக் கௌரவமாக வளர்க்கும் உரிமை மூன்றும் சேர்ந்ததே நீதி என்றார்கள். நம் சேரிக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு வேறென்ன?

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் குற்றவாளிதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவில் அதே சரக்கு 88ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. காலனியத்தைக் கழற்றி எறிந்துவிட்டோம் என்று மார்தட்டியவர்கள் இதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றத்துக்கு ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். அது காப்பாற்றுவது டாக்டரை. பெண்ணுக்கு உரிமை என்று அதில் எங்கும் இல்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும். 20 முதல் 24 வாரம் வரை வல்லுறவுக்கு ஆளானவர்கள், சிறுமிகள், இடையில் விதவையானவர்கள் போன்ற சிலருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் ஒப்புதலோடு. பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும். புருசன் கையெழுத்து, அப்பன் கையெழுத்து, ரேசன் கார்டு எதுவும் சட்டத்தில் கிடையாது. 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் தெளிவாகவே சொன்னது. கல்யாணமாகாதவளுக்கும் அதே உரிமை, புருசன் செய்த வல்லுறவும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வல்லுறவுதான், சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே நீதிமன்றம், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனநோயால் அவதிப்பட்ட இரண்டு குழந்தைகளின் தாய்க்கு 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி மறுத்தது. இன்றைக்குக் கொடுத்து நாளைக்கு மறுக்கக்கூடியது உரிமையா, சலுகையா? இந்த வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் இருந்தும் பயம் போகவில்லை. அதற்கு ஒரு காரணம் சுவரொட்டி. பெண்சிசுக் கொலையைத் தடுக்கிறோம் என்று உசிலம்பட்டிக் காலத்திலிருந்து நடந்த பிரச்சாரத்தில், குற்றம் எது என்பது குழம்பிப்போயிற்று. ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். கருக்கலைப்பே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நம் தோழர்களில் பாதிப் பேருக்கே இது தெரியாது, நர்சம்மாவைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்.

நம் ஊர்களில் அதிகம் நடக்கும் இன்னொன்று இருக்கிறது. ஆதிக்க சாதிக்காரன் ஒருவன் நம்ம பொண்ணைக் கெடுத்து அவள் மாசமாகிவிட்டால் கட்டப் பஞ்சாயத்தில் முதலில் சொல்வது, 'கேசுக்குப் போனா பேரு வெளிய வரும்.' அதைத் தாண்டிப் போலீசுக்குப் போனால் அங்கே சொல்வது, 'கலைச்சா கேசு நிக்காது.' இரண்டும் பொய். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணென்றால் டாக்டர் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் அவளும் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டால் அவள் பெயர் விவரத்தை அதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அதே 2022 தீர்ப்பு. வழக்கு நடத்தத்தான் போகிறோம் என்றால், கலைத்த கருவின் திசுவை டி.என்.ஏ. சோதனைக்குப் பாதுகாத்து வைக்கச் சொல்லி எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கேசு நிற்கும். கேசுக்காக ஒரு பிள்ளை ஒன்பது மாதம் சுமக்க வேண்டியதில்லை.

சர்வதேசம் என்று ஏன் போக வேண்டும் என்றால், உள்ளூர்க் கதவு அடைபட்டுக் கிடப்பதால்தான். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1993இல் சேர்ந்தது. எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்று முடிவெடுக்கும் உரிமை அதன் 16ஆம் பிரிவில் இருக்கிறது. பாதுகாப்பான கருக்கலைப்பை மறுப்பதும் கட்டாயக் கருத்தடையும் பெண்ணின் மீதான வன்முறை என்று அந்த உடன்படிக்கையின் குழு 2017இல் ஒரே மூச்சில் சொன்னது. பிரேசிலில் அலைன் ட சில்வா பிமென்டல் என்ற 28 வயதுக் கறுப்பினப் பெண் வயிற்றிலேயே பிள்ளை செத்து, சரியான வைத்தியம் கிடைக்காமல் 2002இல் இறந்துபோனாள். அவள் தாய் அந்தக் குழுவிடம் முறையிட்டார். பெண் என்பதால், கறுப்பி என்பதால், ஏழை என்பதால் அவள் பாகுபாட்டுக்கு ஆளானாள் என்று 2011இல் குழு தீர்ப்பளித்தது. கல்லல்காரி செத்திருந்தால் அவள் அம்மா அங்கே போக முடியுமா? முடியாது. தனிநபர் முறையீட்டுக்கு வழி திறக்கும் விருப்ப நெறிமுறையில் இந்தியா இதுவரை கையெழுத்துப் போடவில்லை. இனப்பாகுபாட்டுக் குழு, பிறப்பு வழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று 2002இல் சொன்னபோதும், அதற்கு முந்தைய ஆண்டு டர்பன் மாநாட்டிலும், சாதி எங்கள் வீட்டு விவகாரம் என்று நின்ற அதே அரசுதான். 2012இல் அயர்லாந்தில் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு சவிதா இறந்தபோது இந்தியா முழுக்க அழுதார்கள். அழ வேண்டியதுதான். அயர்லாந்து 2018இல் வாக்கெடுத்துச் சட்டத்தையே மாற்றிவிட்டது. நம்ம காலனிப் பெண்ணுக்கு ஒருவர்கூட அழவில்லை.

முதல் தோழருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் பிள்ளைப்பேற்றுக் கட்டுப்பாட்டுக்கான தீர்மானத்தைக் கொண்டுவர வைத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் சார்பில் பி.ஜே. ரோகம் முன்மொழிந்தார், தோற்கடித்தார்கள். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகப் பேசியவர் பெரியார். பிறகு 1981இல் செங்கல்பட்டுப் பகுதியில் தலித் பெண்களே முன்நின்று தொடங்கிய ருவ்செக் அமைப்பு, பெண்ணுடம்பின் ஆரோக்கியத்தையே அரசியலாக எடுத்து வேலை செய்தது. அவர்களோடு வேலை செய்த சுந்தரி ரவீந்திரனும் பாலசுப்பிரமணியனும் 2004இல் எழுதிய ஆய்வு ஒன்று நம்மைச் சுடுகிறது. கல்யாணமான பெண்களின் கருக்கலைப்புக்குப் பின்னால், புருசனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலைமை கிடந்தது. அந்தப் புருசன்களில் நம் கூட்டத்துக்கு வந்து முழக்கம் போடுகிறவனும் இருக்கிறான்.

2018 மே மாதம் கச்சநத்தத்தில் மூன்று பேரை வெட்டிக் கொன்றபோது ராத்திரியோடு ராத்திரியாக ஓடினோம். உதிரம் போய்ச் சாகும் பெண்ணுக்கு ஓடியிருக்கிறோமா? அரிவாள் வைத்திருந்தவன் அங்கே யாரும் இல்லையாம்.

வேலைக்கு வருவோம். சிவகங்கை மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியாகிவிட்டது. கேள்விகள் நாலு. மாவட்டத்தில் எந்தெந்த அரசு ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு செய்யப் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கிறார்? கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேருக்குச் செய்தார்கள்? அதில் எத்தனை பேருக்கு அன்றைக்கே ஆபரேசனோ காப்பர்-டியோ சேர்த்துச் செய்தார்கள்? எத்தனை விண்ணப்பத்தில் புருசன் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்? முப்பது நாளில் பதில் தர வேண்டும். அழகப்பா பல்கலைக்கழக மாணவத் தோழர்கள் நான்கு பேர் இதே மனுவைத் தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போடுகிறார்கள். மற்ற மாவட்டத் தோழர்கள் நகல் கேட்டு எழுதுங்கள், அனுப்புகிறோம். வருகிற பதிலை, வரவில்லையென்றால் அதையும், அடுத்த இதழில் அப்படியே அச்சிடுவோம்.