முன்பணத்துக்கு வட்டி எந்த நாளில் இருந்து?

காவாந்தண்டலத்தில் நெல் விற்று மிச்சம் பிடித்த ஒரு குடும்பம், பட்டணத்தில் வீடு வாங்க முன்பணம் கட்டுகிறது. கெடு கடந்தும் வீடு வரவில்லை என்றால் என்ன செய்வது? கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 18-வது பிரிவில் இந்த உரிமையைத் தருகிறது.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

வட்டி எந்த நாளில் இருந்து? இங்கேதான் வழக்கு வந்தது. குருகிராமில் வீட்டுக்குப் பணம் கட்டியவருக்கு, கடைசித் தவணை நாளில் இருந்து 9 சதவீத வட்டி தரும்படி தேசிய நுகர்வோர் கமிஷன் உத்தரவிட்டது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் திருத்தியது. ஒவ்வொரு தவணைக்கும், அது கட்டப்பட்ட நாளில் இருந்தே வட்டி உண்டு என்று தீர்ப்பளித்தது.

கணக்கு இதோ

ஐந்து ஆண்டுக்கு முன் 2 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்கு முன் 3 லட்சம். தனிவட்டி 9 சதவீதம்.

கடைசித் தவணையில் இருந்து கணக்கிட்டால், 5 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 90,000 ரூபாய்.

தவணைவாரியாகக் கணக்கிட்டால், முதல் தவணைக்கு 90,000, அடுத்ததற்கு 54,000. மொத்தம் 1,44,000 ரூபாய்.

வித்தியாசம் 54,000 ரூபாய்! பணம் கட்டிய தேதியைக் காட்டுவது ரசீதுதான். அதைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.