பேசும் ஓவியம்

மெய்யெழுத்துத் தனித்து இயங்காது; உயிரோடு கூடிய வழியே செவ்வையாக ஒலிக்கும் என்பதை மாணவர்கள் இலக்கணத்தில் கற்றிருப்பீர்கள். தொலைக்காட்சியில் சிறுவரும் பெரியவரும் விரும்பிக் காணும் கார்ட்டூன் படங்களுக்கும் இவ்விதி பொருந்தும். அங்கே வரையப்பட்ட உருவம் மெய். அதற்கு வாய்த்த குரல் உயிர். உருவத்தை வரைந்தவரையும் அதனை விற்றவரையும் உலகம் அறிந்துள்ளது. உயிர் கொடுத்தவர் யார் என்று கேட்பாரோ நெடுங்காலம் இலர். இது முறையன்று என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை இக்கலை வளர்ந்த வரலாற்றினின்றே எடுத்துக் காட்டலாம்.

கார்ட்டூன் முதலில் தோன்றியது திரையரங்கில். தொலைக்காட்சிக்கு வந்தது பின்னரே. 1928-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் நியூயார்க் நகரில் திரையிடப்பட்ட ‘ஸ்டீம்போட் வில்லி’ என்னும் குறும்படத்தில் மிக்கி என்னும் எலி ஒலியோடு மக்கள்முன் வந்தது. அப்படத்தில் அது சீழ்க்கையடித்தது, கீச்சிட்டது, பேச்சு என்று சொல்லத்தக்கது அரிது. பின் வந்த படங்களில் அது பேசத் தொடங்கியபொழுது, பல ஆண்டுகள் அதற்குக் குரல் தந்தவர் வால்ட் டிஸ்னியே ஆவார். முதலாளியே பேசினமையால் அங்கே ஊதிய வழக்கும் எழவில்லை. பெயர் வழக்கும் எழவில்லை. ஆனால், 1937-இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் கதைத் தலைவிக்காகப் பேசியும் பாடியும் சிறந்த ஏட்ரியானா காசலோட்டி என்னும் நங்கையின் பெயர் திரையில் காட்டப்படவே இல்லை.

இந்நிலையைச் சிறிது மாற்றியவர் மெல் பிளாங்க் (1908–1989). வானொலியில் தேர்ந்த இவர், வார்னர் நிறுவனத்தின் படங்களில் பக்ஸ் பன்னி என்னும் முயலாகவும், டாஃபி என்னும் வாத்தாகவும், போர்க்கி என்னும் பன்றியாகவும், சில்வெஸ்டர் என்னும் பூனையாகவும், அப்பூனை துரத்தும் சிறு பறவையாகவும் பேசினார். முயலின் பேச்சில் நகரத் தெருவின் துடுக்கு இருக்கும்; பன்றியின் பேச்சில் திக்கல் இருக்கும்; பூனை பேசினாலோ எச்சில் தெறிக்கும். நம் நாட்டுத் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னே அமர்ந்த ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் பேசுவதைக் கண்டவர்கள் இத்திறத்தின் அருமையை உணர்வர். பிளாங்க் ஒருமுறை ஊதிய உயர்வு கேட்டார். தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். அங்ஙனமாயின் தம் பெயரையேனும் திரையில் காட்டுமாறு வேண்டினார். அதற்கு அவர் இசைந்தார். காசு செலவில்லாத உதவி என்று எண்ணினார் போலும்! பெயர் வெளிப்பட்டதும் வானொலியில் பிளாங்குக்கு வாய்ப்புகள் பெருகின. ஆயினும், அப்படங்களில் அவருடன் பேசிய பிறர்க்கு அப்பேறு கிட்டவில்லை. முயலைத் துரத்தும் எல்மர் ஃபட் என்னும் வேட்டைக்காரனாகப் பேசிய ஆர்தர் பிரையன் பெயர் காணாமலே உழைத்தார்.

தொலைக்காட்சி வந்ததும் குரலின் நிலை வேறாயிற்று. ‘டாம் அண்டு ஜெர்ரி’ படங்களை உருவாக்கிய ஹன்னா, பார்பரா என்னும் இருவரும் பணியாற்றிய எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஓவியக் கூடம் 1957-இல் மூடப்பட்டது. அவர்கள் தாமே ஒரு நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சியை நாடினர். அவர்களுடைய பழைய படங்களில் பூனையும் எலியும் பெரும்பாலும் பேசா. ஆயிரக்கணக்கான ஓவியங்களின் அசைவே கதை சொல்லும். தொலைக்காட்சி கொடுத்த சிறு தொகைக்கு அத்துணை ஓவியம் வரைய இயலுமா? உடல் அசையாது நிற்க, வாயும் கண்ணும் கையும் மட்டுமே அசையும் முறையை அவர்கள் கையாண்டனர். யோகி என்னும் கரடி கழுத்தில் பட்டை அணிந்திருக்குமே, அது அழகுக்காக மட்டும் அணிவித்ததன்று. தலையைத் தனியே வரைந்து மாற்றும்பொழுது தலையும் உடலும் பொருந்தும் கோட்டை மறைப்பதற்காக அணிவித்தது.

அசைவு குறையவே, கதை சொல்லும் பொறுப்புக் குரலின்மேல் விழுந்தது. அக்காலத்தில் அமெரிக்க வானொலி நாடகம் நலிந்துகொண்டிருந்தது. கண் காணாத கதையைக் காதுக்குள் நடத்திக் காட்டப் பழகிய கலைஞர்கள் பலர் கார்ட்டூனுக்கு வந்து சேர்ந்தனர். யோகிக் கரடியாகப் பேசியவர் டாஸ் பட்லர். அதன் சிறு தோழனாகவும், இருவரையும் அடக்க முயலும் காவலராகவும் பேசியவர் டான் மெசிக். திரையிலே மூவர், ஒலிப்பதிவு அறையிலே இருவர். இத்தகைய படங்களைச் சக் ஜோன்ஸ் என்னும் பெரிய இயக்குநர் படம் போட்ட வானொலி என்று எள்ளினார். இகழ்ச்சியாகக் கூறிய இதனை நான் அக்கலைஞர்களுக்கு வாய்த்த புகழுரையாகவே கொள்கின்றேன்.

குரலுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு நன்னூல் பயின்றோர்க்கு எளிதில் விளங்கும். வாயைத் திறத்தலால் அகர ஆகாரமும், இதழ் குவிதலால் உகர ஊகாரம் முதலியனவும், இதழ்கள் பொருந்துதலால் பகர மகரமும் பிறக்கும் என்று எழுத்தின் பிறப்பில் படிக்கின்றோம் அல்லவா? அமெரிக்க ஓவியர் மேசையில் இருக்கும் வாய் வடிவப் பட்டியலும் அதனையே காட்டுகின்றது. அங்கே முதலில் குரலைப் பதிவு செய்வர். எந்த நொடியில் எந்த ஒலி எழுகின்றது என்று கணக்கிட்டு, அதற்கேற்ற வாயைப் பின்னர் வரைவர். ஆகவே, குரல் ஓவியத்தைப் பின்தொடர்வதன்று. ஓவியமே குரலைப் பின்தொடர்கின்றது.

இக்குரல்கள் பேசுவோரிடத்து எத்துணை ஆழமாக ஊன்றியிருந்தன என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 1960-இல் தொடங்கிய ‘பிளிண்ட்ஸ்டோன்ஸ்’ தொடரில் பார்னி என்பவனாகப் பேசிவந்த மெல் பிளாங்க், 1961-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கார் விபத்தில் சிக்கி நினைவிழந்தார். இரு வாரங்களாகப் பெயர் சொல்லி அழைத்தும் பயனில்லை. மருத்துவர் ஒருவர் பக்ஸ் பன்னியை நலம் விசாரிப்பதுபோல் வினவ, படுக்கையிலிருந்து முயலின் குரலில் விடை வந்ததாம். பின்னர், உடல் முழுதும் மாவுக்கட்டுடன் கிடந்தவாறே, தலைக்குமேல் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டுத் தொடருக்குப் பேசினார். இடையில் சில பகுதிகளுக்கு அவருக்காகப் பட்லர் பேசினார்.

சப்பான் நாட்டில் இக்கலை வேறொரு வழியில் வளர்ந்தது. 1963-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ முதலாக, அங்கே பெரும்பாலும் படத்தை இயற்றிய பின்னரே குரலைப் பதிவு செய்கின்றனர். ஆனால் பேசுவோர்க்கு அந்நாட்டார் தனிப் பெயர் வழங்கி, தனிக் கலைஞராகவே போற்றுகின்றனர். 1969-இல் தொடங்கிய ‘சசாயே-சான்’ தொடரின் தலைவியாக மிதோரி கத்தோ அம்மையார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பேசியுள்ளார். டோராமான் என்னும் இயந்திரப் பூனைக்கு 1979 முதல் 2005 வரை குரல் தந்தவர் நொபுயோ ஓயாமா என்னும் அம்மையார்.

அமெரிக்காவில் ‘சிம்ப்சன்ஸ்’ என்னும் நெடுந்தொடரின் கலைஞர்கள் 1998-இல் ஊதிய உயர்வு கேட்டனர். நிறுவனத்தாரோ, வேறு ஆள்களைக் கொண்டு அக்குரல்களைப் பேசச் செய்வோம் என்றனர். முடிவில், ஒரு பகுதிக்கு 30,000 டாலராக இருந்த ஊதியம் 1,25,000 டாலர் ஆயிற்று. அத்தொடரில் பத்து வயதுச் சிறுவனாகப் பேசும் நான்சி கார்ட்ரைட் அம்மையார், டாஸ் பட்லரிடம் பாடம் கேட்டவர் என்பது அறிந்து மகிழத்தக்கது. இதுவும் ஆசிரியர், மாணவர் என்னும் மரபில் வருவதே.

நம் மொழியிலும் 2007-இல் தோன்றிய சுட்டி டி.வி. முதலியவற்றின் வாயிலாகப் பிறநாட்டுக் கார்ட்டூன்கள் தமிழ் பேசின. வேற்று மொழிக்கென வரைந்த வாயசைவுக்குள் தமிழ்ச் சொல்லை அடக்குவது செய்யுளில் தளை தட்டாமல் சொல்லமைப்பதை ஒத்த அரிய தொழில். அதனைச் செய்தவர் யார், பேசியவர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பர்.

இன்று புதியதோர் இடர் எழுந்துள்ளது. ஒருவர் குரலின் பதிவுகளை இயந்திரத்துக்குப் பயிற்றிவிட்டால், அவர் என்றும் பேசாத சொற்களையும் அவர் குரலிலேயே அது பேசுகின்றது. 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கத்தார் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இத்தகைய போலிகளைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம். 2024-இல் சப்பான் நாட்டுக் குரற்கலைஞர்களும் இசைவின்றித் தம் குரலைக் கையாளலாகாது என்று முறையிட்டனர். கூலி கொடுத்த குரல் நிறுவனத்துக்கே உரியது என்று வாதிடுவோர் உளர். பேசிய சொல்லுக்குக் கூலி கொடுத்தனர். அதனை மறுப்பார் இல்லை. பேசாத சொல்லுக்கு எப்பொழுது கொடுத்தனர்?

ஓயாமா அம்மையார் 2005-இல் விலகியபொழுது, வசாபி மிசுதா என்னும் புதிய கலைஞரைத் தேர்ந்தெடுத்தனர். பழகிய காதுகளுக்கு அக்குரல் முதலில் வேறாகவே தோன்றியது. இன்றுள்ள இயந்திரம் அன்றே இருந்திருப்பின், பழைய குரலையே என்றும் ஒலிக்கச் செய்திருப்பர், மிசுதாவை அழைத்திருக்கமாட்டார்கள். 2005-க்குப் பின் பிறந்த சப்பானியக் குழந்தைகளுக்கு டோராமானின் குரல் என்பது மிசுதாவின் குரலே.