சிங்கம் ஆரு, புலி ஆரு?

எங்கள் வீட்டில் ஒரு கார்ட்டூனைக் கடைசிவரை பார்த்து முடிப்பது பெரிய பாடு. குழப்படி செய்வது பிள்ளைகள் இல்லை, பெரிய ஆட்கள். திரையில் ஒரு சிங்கம் தலை காட்டினால் போதும், "இது சிங்களவங்கட ஆளு" என்று பெரியப்பா தொடங்கிவிடுவார். புலி வந்தால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். 'ஜங்கிள் புக்' படத்தில் ஷேர் கான் நெருப்புக்குப் பயந்து ஓடுகிற இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "வேணுமெண்டுதான் புலியக் கெட்டவனாக்கி வச்சிரிக்கான்." பெரியப்பா, அது கிப்ளிங் 1894இல் எழுதின கதை, அப்போது இங்கே எந்தப் புலி இயக்கமும் இல்லை என்றால் கேட்கவே மாட்டார். மட்டக்களப்பிலே செங்கலடிச் சந்தியில், பதுளை வீதி பிரிகிற இடத்துத் தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான். ஏதாவது ஒரு மிருகப் படம் ஓடும், நாலு பேர் அதற்கு இனம் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? நாட்டின் கொடியிலேயே சிங்கம் வாளோடு நிற்கிறது. தமிழரான எங்களுக்கு ஒரு செம்மஞ்சள் கோடு, பக்கத்து ஏறாவூர் முஸ்லிம் ஆட்களுக்கு ஒரு பச்சைக் கோடு. இரண்டும் தனிக் கட்டத்துக்குள். சிங்கமும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் வாளைப் பிடித்திருக்கிறது. 2015 முடியும் தறுவாயில் 'சிங்ஹ லே', அதாவது சிங்க இரத்தம், என்று சிங்கப் படம் போட்ட ஸ்டிக்கர்கள் ஓட்டோவிலும் வேனிலும் ஏறின. அடுத்த சனவரியில் நுகேகொடையில் முஸ்லிம்களின் வீட்டு வாசலில் அதே எழுத்தைப் பூசிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்துப் புலி இயக்கத்தின் கதையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இவ்வளவுக்கும் இந்தத் தீவின் காட்டில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. இருப்பது சிறுத்தை மட்டும். அதற்குக் கொடியும் இல்லை, கட்சியும் இல்லை.

போகட்டும். 2019இல் வந்த 'லயன் கிங்' படத்தைத் தமிழில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வந்தாறுமூலை கம்பஸில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு போடு போட்டான்: "அண்ண, அதில கழுதைப்புலிதான் நாங்க. வெளிச்சம் படுற நிலமெல்லாம் சிங்கத்துக்கு. எலும்புக் காட்டுல பட்டினி கிடக்கிறது அதுகள்." பெரியப்பாவின் கணக்கைவிட இதில் கொஞ்சம் சத்து இருக்கிறது. 1994இல் முதல் படம் வந்தபோது அமெரிக்காவிலும் இப்படித்தான் முறைப்பட்டார்கள். கழுதைப்புலிகளுக்கு வூபி கோல்ட்பர்க்கும் சீச் மாரினும் குரல் கொடுத்திருந்தார்கள். நகரத்துக் கறுப்பரையும் லத்தீன் ஆட்களையும் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டார்களே என்று கேட்டார்கள். கெட்ட சிங்கம் ஸ்காருக்கு மட்டும் ஏன் கறுத்தப் பிடரி என்றும் கேட்டார்கள். அதற்கும் முன்னால், 1941இல் வந்த 'டம்போ'வின் காகங்கள். கறுப்பரைப் போலப் பேசுகிற அந்தக் கூட்டத்தின் தலைவனுக்குக் குரல் கொடுத்தவர் கிளிஃப் எட்வர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர். பின்னாளில் டிஸ்னியே அந்தப் படத்துக்கு எச்சரிக்கை வாசகம் போட்டது. யானைக்குட்டியைப் பறக்கவைத்தது அந்தக் காகங்கள்தானே, அவை நல்லவை அல்லவா என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பொய் இல்லை.

அங்கே காதால் கேட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். நாங்கள் வாலையும் வரியையும் பார்த்துவிட்டு, குரலைக் கோட்டை விடுகிறோம். எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான். தமிழ் 'லயன் கிங்'கில் ஸ்காருக்கு அரவிந்த்சாமி. வழுக்கிக்கொண்டு போகிற நல்ல தமிழ். பகிடிக்காரச் சோடி டிமோனுக்கும் பும்பாவுக்கும் சிங்கம்புலியும் ரோபோ சங்கரும். தெருப் பேச்சு, ஒரே சிரிப்பு. ராசாவென்றால் திருத்தமான தமிழ், பகிடிக்காரனென்றால் கொச்சைத் தமிழ். எது பேசினாலும் கடல் கடந்த தமிழ். இதைப் பற்றி ஒரு சண்டையும் கிடையாது! "மறுகா வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரு குரங்கை, "என்ன மனே" என்று கேட்கிற ஒரு ஆமையை எந்தப் படத்திலாவது கண்டிருக்கிறீர்களா? மட்டக்களப்புத் தமிழுக்கு எடுபிடி வேடம்கூடக் கிடைக்கவில்லை. தமிழ்ப் படக்காரர் இலங்கைத் தமிழ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை யாழ்ப்பாணத்து ஆட்களே தங்களுடையது இல்லை என்கிறார்கள், நாங்கள் எங்கே போக?

விளைவு வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. சுட்டி டிவி பார்த்து வளர்ந்த மருமகள் அம்மம்மாவை "பாட்டி, இங்க வாங்களேன்" என்று கூப்பிடுகிறாள். அம்மம்மா கொஞ்ச நாள் திரும்பியே பார்க்கவில்லை. தொட்டால் கறுத்துவிடும் போல வெள்ளையாக இருக்கிற குட்டிகள்தான் நல்லவை என்பதும் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அதை ஆரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கம்பஸ் பெடியனுக்குக் கணினியில் படம் கீறி அசைக்கத் தெரியும். எங்கள் ஊர் மிருகத்தை வைத்து, எங்கள் பேச்சில், ஐந்து நிமிசத்துக்கு ஏதாவது செய் தம்பி என்றேன். கூத்துக்காரர் இத்தனை பேர் இருக்கிறார்கள், குரலுக்கா பஞ்சம்? யானையை எடுக்கலாம் என்றான். நல்லது. கரடியனாற்றுப் பக்கம் இரவில் யானை வேளாண்மைக்குள் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்த கதை. பட்டாசு, பரண், விடிய விடியக் காவல், எல்லாம் சொல்லலாம். பெடியன் கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினான். இரண்டு வரி எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"அண்ண, இந்த யானை எந்தப் பக்கத்துக் காட்டால வந்ததெண்டு போடுற?"