போன் நம்பர் ஏன் குடுத்தனி?

கடந்த மாதம் ஒரு கிராமத்தில் கூட்டம் முடித்துப் புறப்பட்டபோது, ஓர் அக்கா என் ஸ்கூட்டி வரை பின்னால் வந்தார். 2009இல் கணவரை இழந்து தனியே பிள்ளைகளை வளர்த்தவர். "தங்கச்சி, கோழிக்கூடு தாற நிறுவனத்து ஆள் இரவில போன் எடுத்து வீட்டுக்கு வரட்டோ எண்டு கேக்கிறார். மறுத்தால் என்ர பேரை வெட்டிப்போடுவாரோ?" என்றார்.

சகோதரிகளே, அந்தக் கூடு உங்களுக்கென ஒதுக்கப்பட்ட உதவி. அதற்கு உங்களிடம் விலை கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளின் அகதி முகாம்களில் நிவாரணப் பணியாளர் சிலர் உணவுக்கும் எண்ணெய்க்கும் பதிலாகச் சிறுமிகளிடம் பாலுறவு கேட்டார்கள் என்ற குற்றச்சாட்டுகள் 2002இல் வெளிவந்தன. அதன்பின் 2003 ஒக்டோபரில் ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் ஒரு விதியை வெளியிட்டார். காசு, வேலை, பொருள், உதவி எதைக் காட்டியும் பணியாளர் பாலுறவு கேட்கக்கூடாது. அவள் சம்மதித்தாள் என்பது இங்கே சாட்டாகாது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் வயது தெரியாது என்றும் தப்ப முடியாது. ஐ.நா.வோடு ஒப்பந்தம் செய்து வேலை செய்யும் அமைப்புகளும் இதற்குக் கட்டுப்பட்டவை.

விதி எழுதினால் போதுமா? 2007இல் ஹெய்ட்டியில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்த 100க்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் இதே குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் நாட்டிலிருந்து போனவர்கள்!

அக்கா சொன்ன நிறுவனத்திலும் முறைப்பாட்டுப் பெட்டி உண்டு. அந்த உத்தியோகத்தரின் மேசைக்கு நேரெதிரே. படிவம் ஆங்கிலத்தில். யார் போடுவார்கள்?

அழைப்புகளை அழிக்க வேண்டாம், திகதியையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள் என்றேன். பிரதேச செயலக மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போனோம். பிறகு நிறுவனத்தின் மாவட்டப் பொறுப்பாளரிடமும் எழுத்தில் கொடுத்தோம். தனியே போகத் தயங்குபவர்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்குப் பேசலாம். அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ இப்படித் தொல்லை கொடுப்பது 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நம் தண்டனைச் சட்டக் கோவையிலும் குற்றம்தான். பொலிசுக்கும் போகலாம்.

அயலில் சிலர் அக்காவைத்தான் கேட்டார்கள்: "நீ ஏன் போன் நம்பர் குடுத்தனி?" பயனாளிப் படிவத்தில் கேட்டிருந்தார்கள், கொடுத்தார். வேறென்ன செய்வது?

விசாரணை இன்னும் முடியவில்லை. கூடு போன கிழமை வந்தது. வேறோர் உத்தியோகத்தர் கொண்டு வந்து இறக்கினார்.