டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே மூப்பைக் கணக்கிடுக: சிறுநீரக ஒதுக்கீடு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் தானமாகக் கொடுக்கும் சிறுநீரகம் யாருக்குப் போகும் என்பதை, தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையம் பராமரிக்கும் காத்திருப்போர் பட்டியல் முடிவு செய்கிறது. ரத்த வகை பொருந்தியவர்களுக்குள் முன்னே நிற்பவர் யார் என்பதற்குப் பதிவு மூப்பே அடிப்படை. இதை மாற்ற வேண்டும். நோயாளி டயாலிசிஸ் தொடங்கிய நாளைக் கொண்டு மூப்பைக் கணக்கிட வேண்டும் என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம் கோருகிறது.

பெயரைப் பதிவு செய்வது ஒரே நாளில் முடியும் வேலை இல்லை. உரிமம் பெற்ற மாற்று அறுவை சிகிச்சை மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். அதற்கு முன் இதயம், நுரையீரல், பல், தொற்றுநோய் என்று பரிசோதனைகள் வரிசையாக நிற்கும். வசதியுள்ள ஒருவர் டயாலிசிஸ் தொடங்கிய சில வாரங்களிலேயே இவற்றை முடித்துவிடுகிறார். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் கூலித் தொழிலாளிக்கோ, டயாலிசிஸ் இல்லாத நாளில்தான் மதுரைக்குப் பேருந்து ஏற முடியும். அன்றைய கூலியும் போய்விடும், துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும். இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்பதையே டயாலிசிஸ் மையத்தில் யாரும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் போனவர்களும் உண்டு. அவர்கள் இயந்திரத்தோடு கழித்த காலம் பட்டியலில் ஏறுவதே இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அது தகவலும் பணமும் உள்ளவரை முன்னே கொண்டுபோய் நிறுத்துகிறது. இதை ஏற்க எங்களால் முடியாது.

நாங்கள் கேட்பது புதுமையானதும் இல்லை. தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் மதிப்பெண் முறையில், டயாலிசிஸில் கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் மதிப்பெண் உண்டு. அமெரிக்கா 2014 டிசம்பரில் இதே மாற்றத்தைச் செய்தது: எப்போது பதிந்தாலும், காத்திருப்புக் காலம் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். தாமதமாகப் பதிவுக்கு அனுப்பப்பட்டுவந்த கறுப்பின நோயாளிகளுக்கு மாற்று சிறுநீரகம் கிடைப்பது அதன்பின் கூடியது. அங்கே இன்னொரு அநீதியும் இருந்தது. சிறுநீரகச் செயல்திறனைக் கணிக்கும் சூத்திரம், கறுப்பினத்தவருக்கு மட்டும் கூடுதல் திறன் இருப்பதாகக் காட்டியதால், அவர்கள் பட்டியலில் சேரும் தகுதியே தள்ளிப்போனது. 2023 ஜனவரியில் தொடங்கிய திருத்தத்தில் 14,000க்கும் மேற்பட்டோருக்கு, இழந்த காத்திருப்புக் காலம் திருப்பிச் சேர்க்கப்பட்டது. நடந்துபோன தவற்றைப் பின்னோக்கிச் சென்றும் சரிசெய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில் ஆவணத்துக்குப் பஞ்சம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படும் டயாலிசிஸுக்கு அரசிடமே பதிவு இருக்கிறது. அதை உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலோடு இணைத்தால், டயாலிசிஸ் தொடங்கும் நாளிலேயே நோயாளியின் பெயர் முன்பதிவாக ஏறிவிடும். பரிசோதனைகள் முடிந்து தகுதி உறுதியான பிறகு ஒதுக்கீட்டுக்கு அவரை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மருத்துவமனைப் பங்கு. 2008இல் இங்கே வகுக்கப்பட்ட முறைப்படி, கொடையாளர் இருக்கும் மருத்துவமனை ஒரு சிறுநீரகத்தைத் தன் நோயாளிக்கு வைத்துக்கொள்கிறது. மற்றொன்று பொதுப் பட்டியலுக்கு வருகிறது. அதில் அரசு மருத்துவமனைகளுக்கு முதலிடம், பிறகு தனியார், வெளி மாநிலத்தவர், கடைசியில் வெளிநாட்டவர். கடைசி இடம் கடைசியாகவே இருக்கட்டும். மருத்துவமனைப் பங்கை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மூளைச்சாவை உரிய பரிசோதனைகளால் இருமுறை உறுதிசெய்து, குடும்பத்திடம் பேசி, உடலைப் பராமரிப்பது பெரும் உழைப்பு. பங்கு போனால் அந்த உழைப்பும் குறையக்கூடும் என்ற மருத்துவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பங்கு, கொடையாளர் அதிகம் வரும் பெரிய மருத்துவமனையில் பதிந்தவருக்கே வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆகவே மருத்துவமனைக்குள் நடக்கும் ஒதுக்கீட்டிலும் டயாலிசிஸ் மூப்பே பின்பற்றப்பட வேண்டும். முன்னே இருந்த ஒருவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தால், மருத்துவக் காரணத்தை எழுதிவைத்துத் தாண்டப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்ததாக நோட்டோ தெரிவித்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 6,945 மட்டுமே. கணவனுக்கும் மகனுக்கும் சிறுநீரகம் கொடுக்க மனைவியும் தாயும் முன்வருகிறார்கள். அவர்களுக்கு நோய் வந்தால் கொடுப்பதற்குப் பெரும்பாலும் ஆள் இல்லை. மூளைச்சாவு அடைந்தவரின் கொடையே அவர்களுடைய ஒரே வழி. பெண் நோயாளிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் தரச் சொல்லி 2025 ஆகஸ்டில் நோட்டோ விடுத்த அறிவுரையைத் தமிழ்நாடு உடனே ஏற்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை நிறைவேறினால் இன்று பட்டியலில் மேலே இருக்கும் சிலர் கீழே இறங்குவார்கள். எங்கள் உறுப்பினர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசித்தான் இந்த நிலைப்பாட்டை எடுத்தோம். ஏற்கெனவே பதிந்தவர்கள் தங்கள் டயாலிசிஸ் ஆவணங்களைக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்து, அதன்பின் எல்லோருக்கும் ஒரே நாளில் புதிய கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ரத்த நாளத்தில் டயாலிசிஸுக்கு வழியே இல்லாமல் போனவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை, புதிய கணக்கை அறிவிக்கும் அரசாணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.