வார்த்ததா, அடித்ததா?

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில், ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற வெண்கலப் பாத்திரங்கள் வாய் பிளந்து கிடக்கின்றன. மலையாளத்தில் அவற்றுக்குப் பெயரே 'வார்ப்பு'. செய்முறையே பெயராகிவிட்டது. கோயில் விருந்துக்குப் பாயசம் காய்ச்ச அது போதும். அதே கொச்சியில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு உயிர் கொடுக்க நினைப்பவருக்கோ, அந்தச் சொல் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

விவகாரம், ராக்கர் ஆர்ம். எஞ்சினின் தலைக்குள் சீசாப் பலகைபோல ஆடும் சிறு உலோகக் கை. ஒரு முனையைப் புஷ்ராடு மேலே தள்ள, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். 1962இல் வந்த பிரிட்டிஷ் எம்.ஜி.பி. காரில் இப்படி எட்டு. அந்நியச் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். அதற்கு முன் 1955இல் வந்த எம்.ஜி.ஏ.வின் 1,489 சி.சி. எஞ்சினும், அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய எஞ்சினும் ஒரே குடும்பம். டாக்சி ஸ்டாண்டுக்காரரின் பந்தயத் தம்பி!

நிமிடத்துக்கு 6,000 சுற்றில், ஒவ்வொரு கையும் விநாடிக்கு 50 முறை ஆடுகிறது. லட்சக்கணக்கான சின்ன அடிகளில் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் பிறக்கிறது. வார்ப்புக்குள் காற்றுக்குமிழ் ஒளிந்திருந்தால் அதுவே விரிசலுக்கு வாசல். கை முறிந்தால் வால்வு திறக்காது. ஒரு சிலிண்டர் படுத்துவிடும். காய்ச்சிய எஃகை அச்சில் வைத்து அடிக்கும்போதோ உலோக இழைகள் வளைவோடு சேர்ந்து ஓடுகின்றன. உட்குழிகள் நசுங்கி மூடுகின்றன. வால்வை அதிக உயரம் தூக்கும் கேம், முரட்டு ஸ்பிரிங் என்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குத் தயாராகும் காருக்கு அடித்ததுதான். பேரமே வேண்டாம்.

மட்டாஞ்சேரிச் சந்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் காருக்கு? நல்ல வார்ப்பே போதும். வார்ப்பிரும்பிலுள்ள கிராஃபைட் தேய்மானத்தைக் குறைக்கும், அதிர்வையும் விழுங்கும். மிச்சப் பணத்தை ராக்கர் ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் செலவழிக்கலாம். எண்ணெய்த் துளை அடைத்துக்கொண்டால் எந்த எஃகும் தேயும்.

அடித்ததற்கான விலையைக் கொடுத்து வார்த்ததை வாங்கி வரக் கூடாது. ஓரத்தில் அச்சின் தழும்பு அகலமாக, பிசிறு நீக்கிய தடத்தோடு இருந்தால் அடித்தது; மெல்லிய கோடும் சொரசொரப்பும் வார்த்ததற்கு அடையாளம். நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் எஃகு கணீர் என்கும். வார்ப்பிரும்பு 'டொக்' என்று அடங்கும். (யூதத் தெரு வெண்கலத்திடம் இந்தச் சோதனை பலிக்காது. வார்த்ததுதான், ஆனால் மணியாக ஒலிக்கும். வார்ப்பு எஃகும் ஏமாற்றும்.) பழைய கைகளையே மறுபடி பூட்டுவதானால், வண்ணத் திரவம் தடவி விரிசல் பார்த்த பிறகு பூட்டலாம்.