பொம்மை ரெயிலுக்கும் காவல் வேண்டும்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால், பல வீடுகளில் மரத்தைச் சுற்றிப் பொம்மை ரெயில் ஓடும். தாத்தா காலத்து லயனல் டிரான்ஸ்பார்மரைப் பரணில் இருந்து இறக்குவார்கள். பேரனுக்கு வாங்கிய புது ரெயிலை அதில் ஓட்டுவார்கள். வம்பு அங்கேதான்!

வீட்டு மின்சாரம் 120 வோல்ட். டிரான்ஸ்பார்மர் அதைச் சுமார் 18 வோல்ட்டாகக் குறைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்புகிறது. லயனல் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள். ரெயில் தடம் புரண்டால், சக்கரம் நடுக் கம்பியையும் ஓரக் கம்பியையும் சேர்த்துத் தொட்டுவிடும். உடனே ‘ஷார்ட் சர்க்கியூட்’!

பழைய டிரான்ஸ்பார்மரிலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ‘பிரேக்கர்’ உண்டு. ஆனால், அது நன்றாகச் சூடேறிய பிறகே துண்டிக்கும். டிரான்ஸ்பார்மர் பிழைத்துக்கொள்ளும். அதற்குள் புது என்ஜினின் எலக்ட்ரானிக் பாகங்கள் கருகிவிடலாம். தாத்தாவின் என்ஜினில் அந்தப் பாகங்களே இல்லை. அது அடி தாங்கியதில் அதிசயம் என்ன?

டிரான்ஸ்பார்மருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, நொடியில் துண்டிக்கும் புது பிரேக்கரைப் பொருத்த வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது சரியல்ல. பிரேக்கர் அடிக்கடி விழுகிறதே என்று அதை எடுத்துவிட்டு நேராக இணைப்பவர்களும் இருக்கிறார்கள். அது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

டிரான்ஸ்பார்மரின் வயரையும் வளைத்துப் பாருங்கள். மேலுறை வெடித்திருந்தால், வயரை மாற்றும் வரை பிளக்கைச் செருகாதீர்கள். அந்த வயரில் ஓடுவது 18 வோல்ட் அல்ல, 120 வோல்ட். பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவது குழந்தை.